முற்பிதாக்களுக்குச் சொன்ன சொல்: யூத உரைமரபில் இறைவாக்கு

எபிரேய வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் கடவுள் மூன்று தலைமுறைகளுக்கு அடுத்தடுத்து வாக்குக் கொடுக்கிறார். ஆபிரகாமும் அவர் மகன் ஈசாக்கும் பேரன் யாக்கோபும் கேட்ட அந்த வாக்கில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன: எண்ணி முடியாத சந்ததி, கானான் நாடு, அவர்கள் வழியாக உலகத்து வம்சங்களுக்கெல்லாம் ஆசி. வாக்கு மிகப் பெரியது. அதைப் பெற்றவர்களின் வாழ்க்கையோ அதற்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. சந்ததி பற்றி முதலில் கேட்டபோது ஆபிரகாமுக்கு ஒரு பிள்ளைகூட இல்லை. நாடு முழுவதும் தமக்கென்று கேட்டவர், மனைவி சாராள் இறந்தபோது அடக்கம் செய்ய ஒரு துண்டு மண் இல்லாமல், எபிரோனில் மக்பேலா குகையை 400 வெள்ளிச் சேக்கலுக்கு விலை பேசி வாங்கினார். ஈசாக்கின் ஆட்கள் தோண்டிய கிணறுகளுக்குப் பக்கத்து ஊரார் உரிமை கொண்டாடினார்கள். யாக்கோபு கூடாரம் போடுவதற்குக்கூட சீகேம் ஊருக்கு வெளியே காசு கொடுத்து நிலம் வாங்கினார். கடைசியில் எகிப்தில் உயிர்விட்டார்.

சொல்லுக்கும் வாழ்வுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் யூத உரைமரபு வேர்விட்டது. கடவுள் சொன்னது நடக்கும் என்பதில் உரையாசிரியர்களுக்கு ஐயமில்லை. அது யாருக்கு, எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் நடக்கும், தாமதமானால் கேள்வி கேட்கலாமா என்பவற்றை அவர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்தார்கள். விவாதம் முடிந்துவிட்டதாக எந்தத் தலைமுறையும் நினைத்ததில்லை.

விவாதம் நடந்த இடங்கள் சில. பழைய ரபிகளின் விளக்கங்களும் கதைகளும் மித்ராஷ் நூல்களில் திரட்டப்பட்டன. ஆதியாகமத்துக்கென்றே அமைந்த ஆதியாகம ரப்பா அவற்றுள் முதன்மையானது. சட்டமும் கதையும் கலந்த பெருநூலான பாபிலோன் தால்மூத் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டில் வடிவம் பெற்றது. பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) இந்தப் பரப்பிலிருந்து தேர்ந்தெடுத்துச் சுருக்கமான வரிக்கு வரி உரை எழுதினார். இன்றும் யூதக் குழந்தைகள் வேதத்தோடு முதலில் படிக்கும் உரை அதுதான். ராம்பான் என்று சுருக்கப் பெயரால் வழங்கும் கத்தலோனியாவின் நக்மானிதேஸ் (1194–1270) ராஷியோடு உடன்பட்டும் முரண்பட்டும் எழுதினார். 1492இல் ஸ்பெயினை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவரான ஈசாக் அபர்பனேல் (1437–1508) பிற்காலக் குரல். அச்சிட்ட பெரிய வேதப் பதிப்புகளில் மூலம் நடுவில் நிற்க, ராஷி, ராம்பான் போன்ற வெவ்வேறு நூற்றாண்டுக்காரர்களின் உரைகள் ஒரே பக்கத்தில் அதைச் சுற்றி நிற்கும்.

முதல் கேள்வி, ஆபிரகாமை ஏன் தேர்ந்தார் என்பது. ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் 75 வயது மனிதர் ஒருவருக்கு நாட்டையும் சுற்றத்தையும் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்படும்படி கட்டளை வருகிறது. உடனே வாக்கும் வருகிறது. அதற்கு முன் அவர் செய்த நற்செயல் ஒன்றும் சொல்லப்படவில்லை. நோவாவை நீதிமான் என்று அறிமுகப்படுத்திய நூல் ஆபிரகாம் விஷயத்தில் வாய் திறக்கவில்லை. மித்ராஷ் அந்த மௌனத்தைக் கதைகளால் நிரப்பியது. தந்தை தேராகு சிலைகள் விற்பவர். கடையைப் பார்த்துக்கொண்ட மகன் சிலைகளை உடைத்து, தடியைப் பெரிய சிலையின் கையில் வைத்து, அதுதான் மற்றவற்றை அடித்து நொறுக்கியது என்றான். அரசன் நிம்ரோது அவனை நெருப்பில் போட்டான். அவன் உயிரோடு வந்தான். இன்னொரு கதை இதைவிட ஆழமானது. வழிப்போக்கன் ஒருவன் தீப்பற்றி எரியும் மாளிகையைக் காண்கிறான். இதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையா என்று திகைக்கிறான். உள்ளிருந்து உரிமையாளர் எட்டிப் பார்த்து, நான்தான் இருக்கிறேன் என்கிறார். உலகத்தைப் பார்த்து ஆபிரகாம் அந்தக் கேள்வியைக் கேட்டார், அதனால் கடவுள் அவருக்குத் தம்மைக் காட்டினார் என்கிறது ஆதியாகம ரப்பா. எரியும் வீட்டைப் பார்த்துப் பதறியவருக்கே வாக்குக் கிடைத்தது என்னும் இந்த விளக்கம் மொத்த உரைமரபிலும் மிக அழகான பகுதிகளுள் ஒன்று.

16ஆம் நூற்றாண்டில் பிராகாவின் மகரால் எதிர்த்திசையில் சென்றார். காரணம் எதுவும் சொல்லாமல் விட்டதிலேயே விடை இருக்கிறது என்பது அவர் வாதம். ஒருவருடைய செயலைச் சார்ந்து வந்த தேர்வு, அந்தச் செயல் மறைந்தால் மறைந்துவிடும். ஆபிரகாமின் தேர்வு அப்படிப்பட்டதல்ல என்று காட்டவே வேதம் பேசாமலிருந்தது என்றார். செயலுக்குக் கிடைத்த பரிசா, செயலைச் சாராத கொடையா என்ற இந்தக் கேள்வி பின்னால் வரும் எல்லா விவாதங்களுக்கும் அடியில் ஓடுகிறது.

சந்ததிக்கு வேதம் சொல்லும் உவமைகளுள் இரண்டு: பூமியின் தூள், வானத்து விண்மீன். எண்ண முடியாமை என்ற ஒரே கருத்துக்கு இரண்டு உவமை எதற்கு என்று ரபிகள் கேட்டார்கள். தாழும்போது தூள்வரை தாழ்வார்கள், உயரும்போது விண்மீன்வரை உயர்வார்கள் என்று தால்மூத்தில் யூதா பார் இலாய் என்பவர் பெயரில் ஒரு விளக்கம் உண்டு. தூளை எல்லோரும் மிதிக்கிறார்கள், ஆனால் மிதிப்பவர்களைக் கடந்தும் தூள் நிலைக்கிறது என்று மித்ராஷ் சேர்த்துக்கொண்டது. ரோமப் பேரரசின் கீழ் கோயிலையும் நாட்டையும் இழந்து வாழ்ந்தவர்கள் எழுதிய உரை இது என்பதை மறந்துவிட்டுப் படித்தால் அதன் பாரம் தெரியாது.

விண்மீன்களை எண்ணிப் பார்க்கும்படி கடவுள் ஆபிரகாமை வெளியே அழைத்த காட்சிக்குத் தால்மூத் தனி விளக்கம் தருகிறது. ஆபிரகாம் தம் கிரகநிலையைக் கணித்துப் பார்த்தாராம். தமக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்று கண்டாராம். அந்தக் கணிப்பை விட்டு வெளியே வா என்று கடவுள் அழைத்தார். இஸ்ரயேலுக்கு நட்சத்திர விதி இல்லை என்ற கொள்கை இங்கிருந்து பிறந்தது. ராஷி இன்னும் ஒருபடி போகிறார்: ஆபிரகாமைக் கடவுள் வான்மண்டலத்துக்கே மேலே தூக்கி நிறுத்தினார், அதனால் அவர் விண்மீன்களை அண்ணாந்து பார்க்காமல் குனிந்து பார்த்தார். அதே இடத்தில் ஒரு வரிச் சண்டையும் உண்டு. ஆபிரகாம் நம்பினார், அது நீதியாக எண்ணப்பட்டது என்று மூலம் சொல்கிறது. யார் யாருக்கு எண்ணினார் என்பது மூலத்தில் தெளிவாக இல்லை. கடவுள் ஆபிரகாமின் நம்பிக்கையை அவர் கணக்கில் புண்ணியமாக வைத்தார் என்பது ராஷியின் உரை. ராம்பான் அதை மறுக்கிறார். வாக்குக் கொடுத்தவரை நம்புவதில் என்ன பெரிய புண்ணியம்? தாம் தகுதியுள்ளவரா என்று பாராமல் கடவுள் தம் நீதியால் கொடுத்தார் என்று ஆபிரகாம்தான் எண்ணினார் என்கிறார் அவர்.

15ஆம் அதிகாரம் உரையாசிரியர்களுக்கு வற்றாத சுரங்கம். நாட்டைத் தருவேன் என்று கேட்ட ஆபிரகாம், அதை எதனால் அறிவேன் என்று கேட்கிறார். கடவுள் அவரை ஒரு கிடாரி, ஒரு பெண் வெள்ளாடு, ஓர் ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு ஆகியவற்றைக் கொண்டுவரச் செய்கிறார். விலங்குகள் இரண்டாகப் பிளக்கப்பட்டு எதிரெதிரே வைக்கப்படுகின்றன, பறவைகள் பிளக்கப்படவில்லை. ஆபிரகாம்மேல் ஆழ்ந்த உறக்கமும் அச்சமும் இருளும் விழுகின்றன. புகையும் அடுப்பும் தீப்பந்தமும் துண்டுகளுக்கு நடுவே கடந்து போகின்றன. பழங்காலத்தில் உடன்படிக்கை செய்பவர்கள் இப்படிக் கடந்து போவது வழக்கம். இங்கே கடந்துபோனது கடவுளின் அடையாளம் மட்டுமே; உறங்கிக் கிடந்த மனிதர் கடக்கவில்லை. கட்டுப்பாட்டை ஒரு தரப்பே தன்மேல் ஏற்றுக்கொண்ட சடங்கு அது. பிளக்கப்பட்ட விலங்குகள் அழியப்போகும் பேரரசுகள், பிளக்கப்படாத பறவை அழியாத இஸ்ரயேல் என்று ராஷி மித்ராஷைத் தொட்டு எழுதினார். அச்சம், இருள் என வரும் சொற்களில் ரபிகள் பாபிலோன், மேதியா, கிரேக்கம், ரோம் ஆகிய நான்கு ஆட்சிகளையும் கண்டார்கள்.

ஆபிரகாம் கேட்ட கேள்வி சரியா? கடவுளைச் சோதித்ததாகாதா? தால்மூத்தின் நெதாரீம் பகுதியில் ஒரு துணிச்சலான பேச்சு வருகிறது. ஆபிரகாமின் பிள்ளைகள் எகிப்தில் 210 ஆண்டு அடிமைப்பட்டது எந்தத் தவறுக்கு என்று அங்கே கேட்கிறார்கள். சிறைப்பட்ட உறவினரை மீட்கும் போருக்கு வேதம் கற்றவர்களை இட்டுச் சென்றதற்கு என்கிறார் ஒருவர். எதனால் அறிவேன் என்று கேட்டு வரம்பு மீறியதற்கு என்கிறார் சாமுவேல். கடவுளின் நிழலுக்குள் வரக்கூடியவர்களைப் போரில் மீட்டபின் போக விட்டதற்கு என்கிறார் யோகனான். தங்கள் குலத்தின் மூலமனிதரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தயங்காத மரபு இது. ராம்பானும் தயங்கவில்லை, பஞ்சம் வந்தபோது வாக்குப்பட்ட நாட்டை விட்டு எகிப்துக்குப் போனதும், அங்கே உயிருக்கு அஞ்சி மனைவியைத் தங்கை என்று சொன்னதும் அறியாமல் செய்த பெரும்பாவம் என்று வெளிப்படையாக எழுதினார்.

ராஷி வேறு வழியில் ஆபிரகாமைக் காக்கிறார். ஆபிரகாம் அடையாளம் கேட்கவில்லை. என் பிள்ளைகள் எந்தத் தகுதியால் அந்த நாட்டில் நிலைப்பார்கள் என்றே கேட்டார். பலிகளின் தகுதியால் என்று பதில் வந்தது. இதன் முழு வடிவம் தால்மூத்தின் மெகில்லா, தானீத் பகுதிகளில் இருக்கிறது. கோயில் இருக்கும்வரை பலி சரி, கோயில் இல்லாத காலத்தில் என்ன செய்வார்கள் என்று ஆபிரகாம் விடாமல் கேட்கிறார். பலிகளைப் பற்றிய பகுதியை அவர்கள் படித்தாலே போதும், பலியிட்டதாகவே ஏற்பேன் என்கிறார் கடவுள். கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடிந்தபின் ஒரு சமயம் எப்படிப் பிழைத்தது என்பதற்கான விடையை, ரபிகள் அதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்த ஆபிரகாமின் வாயில் கேள்வியாக வைத்துவிட்டார்கள்.

அதே அதிகாரம் சொல்லும் 400 ஆண்டுக் கணக்கு நெடுநாள் சிக்கல். பிள்ளைகள் அந்நிய நாட்டில் 400 ஆண்டு ஒடுக்கப்படுவார்கள் என்பது வாக்கு. யாத்திராகமமோ எகிப்து வாசம் 430 ஆண்டு என்கிறது. இரண்டும் வம்சக் கணக்குக்குப் பொருந்தவில்லை. எகிப்துக்கு வந்த யாக்கோபின் பேரன் கோகாத் வாழ்ந்தது 133 ஆண்டு, அவர் மகன் அம்ராம் 137, விடுதலையின்போது அவர் மகன் மோசேக்கு வயது 80. ஒன்றின்மேல் ஒன்று படியாமல் கூட்டினால்கூட 350தான். ரபிகளின் தீர்வு இது: 400 ஆண்டை ஈசாக்கு பிறந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஈசாக்குக்கு 60 வயதில் யாக்கோபு பிறந்தார். யாக்கோபு எகிப்துக்கு வந்தபோது அவருக்கு 130. அது 190 ஆயிற்று. மீதி 210 எகிப்தில் கழிந்தது. 430ஐயோ, பிளந்த விலங்குகளுக்கு நடுவே நடந்த உடன்படிக்கையிலிருந்து எண்ண வேண்டும். அப்படியானால் உடன்படிக்கையின்போது ஆபிரகாமுக்கு 70 வயது. 75இல் ஆரான் ஊரை விட்டுப் புறப்பட்டதாகச் சொல்லும் 12ஆம் அதிகாரத்துக்கு முந்திய நிகழ்ச்சி அது. வேதம் காலவரிசையில் செல்வதில்லை என்பது ரபிகளுக்கு ஏற்புடைய விதிதான். செடேர் ஓலாம் என்ற பழைய காலக்கணக்கு நூல் இந்த முடிவையே கொண்டது. கணக்கு சரிசெய்யப்பட்டதோடு ஒரு கருத்தும் கிடைத்தது: வாக்குப்பட்ட நாட்டுக்குள்ளேயே ஈசாக்கும் யாக்கோபும் அலைந்த ஆண்டுகளும் அந்நியவாசத்தில் சேர்ந்தவை. சொந்தமாகப் போகிற மண்ணில் குடியுரிமையில்லாமல் வாழ்வதும் நாடுகடத்தல்தான்.

அடிமைத்தனம் முன்பே விதிக்கப்பட்டது என்றால் எகிப்தியரைத் தண்டிப்பது நியாயமா? மோசே மைமோனிதேஸ், யூதர் வழக்கில் ராம்பாம் (இறப்பு 1204), தம் சட்டத்தொகுப்பில் இதற்கு விடை சொன்னார். விதி ஒரு நாட்டைப் பற்றியது. எந்த எகிப்தியனையும் பெயர் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொருவனும் கொடுமை செய்யாமல் விலகியிருக்கலாம். ராம்பானுக்கு இது போதவில்லை. விதித்ததைச் செய்ததற்காகத் தண்டனை இல்லை, விதித்ததற்கு மேலே போனதற்காகவே தண்டனை என்றார். ஆபிரகாமுக்குச் சொன்னது அடிமைத்தனமும் ஒடுக்குதலும். ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறிவது அந்தச் சொல்லில் இல்லை.

விடுதலையின்போது அவர்கள் பெரும் பொருளோடு வருவார்கள் என்பதும் ஆபிரகாம் கேட்ட வாக்கு. தால்மூத்தின் பெராகோத் பகுதி இதை நெகிழ்ச்சியோடு எடுத்தாள்கிறது. எகிப்தியரிடம் வெள்ளி, பொன் பாத்திரங்களைக் கேட்டு வாங்கும்படி மக்களிடம் சொல் என்று கடவுள் மோசேயைக் கெஞ்சும் குரலில் கேட்கிறார். இல்லாவிட்டால் அந்த நீதிமான் ஆபிரகாம், அடிமைப்படுவார்கள் என்றது நடந்தது, பொருளோடு வருவார்கள் என்றது நடக்கவில்லை என்று குறைசொல்வாராம். மக்களோ, உயிரோடு வெளியேறினாலே போதும் என்கிறார்கள். நாளை உன்னை விடுவித்து நிறையப் பணமும் தருவோம் என்று சிறையில் கிடப்பவனிடம் சொன்னால், பணம் வேண்டாம், இன்றே விடுங்கள் என்றுதானே சொல்வான் என்கிறது தால்மூத். வாக்கைக் காப்பாற்றும் அக்கறை இங்கே வாங்குபவரிடம் இல்லை, கொடுத்தவரிடம்தான் இருக்கிறது.

வாக்கே வாக்கோடு மோதிய இடம் 22ஆம் அதிகாரம். ஈசாக்கின் வழியாகவே சந்ததி விளங்கும் என்று சொன்னவர், அந்த ஈசாக்கைப் பலியாக ஏற்றும்படி கேட்கிறார். ஆபிரகாம் எதிர்வார்த்தை பேசவில்லை. சோதோம் நகரத்துக்காகக் கடவுளோடு பேரம் பேசியவர் மகனுக்காக வாய் திறக்காதது உரையாசிரியர்களை உறுத்தியது. ராஷி எடுத்தாளும் மித்ராஷில், கத்தி விலக்கப்பட்ட பிறகு ஆபிரகாம் தம் மனக்குறையை வைக்கிறார்: நேற்று ஒன்று சொன்னீர், பிறகு வேறொன்று, இப்போது இன்னொன்று. நான் வெட்டச் சொல்லவில்லை, ஏற்றச் சொன்னேன். ஏற்றிவிட்டாய், இனி இறக்கு என்று பதில் வருகிறது. மற்றொரு தால்மூத்தான எருசலேம் தால்மூத் இன்னும் உருக்கமான வழியைக் காட்டுகிறது. எதிர்த்துப் பேச என்னிடம் நியாயம் இருந்தது, அதை அடக்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் இக்கட்டில் விழும்போது நீரும் அவர்கள்மேல் உமக்குள்ள கோபத்தை அடக்கிக்கொள்ளும் என்று ஆபிரகாம் கேட்கிறார். யூதப் புத்தாண்டின் இரண்டாம் நாளில் தொழுகைக்கூடங்களில் இந்த அதிகாரம் வாசிக்கப்படுகிறது. அன்றைய மன்றாட்டிலும் இந்த நியாயமே ஒலிக்கிறது.

ஈசாக்குக்குத் தனி வாக்கு குறைவு. தந்தைக்குச் சொன்னதே அவருக்கு உறுதிசெய்யப்படுகிறது. பஞ்சத்திலும் நாட்டை விட்டுப் போகாதே என்ற கட்டளைக்கு, பலிபீடத்தில் வைக்கப்பட்டவர் பழுதற்ற பலிப்பொருள், அது எல்லை தாண்டக்கூடாது என்று ராஷி காரணம் சொல்கிறார். கேராரில் அவர் ஆட்கள் தோண்டிய மூன்று கிணறுகளை, வேதம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறது என்று ராம்பான் கேட்டார். முற்பிதாக்களின் செயல் பிள்ளைகளுக்கு அடையாளம் என்பது அவருடைய அடிப்படை விதி. சண்டையில் முடிந்த இரண்டு கிணறுகள் இடிந்துபோன இரண்டு கோயில்கள். சண்டையின்றிக் கிடைத்த மூன்றாவது, வரவிருக்கும் கோயில். தீர்க்கதரிசி ஒருவர் வாக்கோடு ஒரு செயலையும் சேர்த்துச் செய்தால் அது திரும்பாமல் நிலைபெறும் என்று அவர் விளக்கினார். ஆபிரகாம் நாட்டின் குறுக்கே நடந்ததும் கூடாரம் போட்டதும் அப்படிப்பட்ட செயல்கள்.

யாக்கோபிடம் வாக்கு அச்சத்தோடு மோதுகிறது. பெத்தேலில் கல்லைத் தலையணையாக வைத்து உறங்கியவருக்கு, எங்கே போனாலும் உன்னைக் காப்பேன் என்று கடவுள் சொன்னார். அவர் படுத்திருந்த இடத்தில் கானான் நாடு முழுவதையும் கடவுள் மடித்து அவருக்குக் கீழே வைத்தார் என்கிறது தால்மூத். ஆனால் 20 ஆண்டு கழித்து அண்ணன் ஏசா 400 ஆட்களோடு வருகிறான் என்று கேட்டதும் அந்த யாக்கோபு நடுங்கினார். வாக்குப் பெற்றவர் நடுங்கலாமா? தம் பாவம் வாக்கைக் கெடுத்துவிட்டதோ என்று அஞ்சினார் என்று தால்மூத் விடை சொன்னது. அந்த விடையே புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. நன்மையாகச் சொன்ன எந்த வாக்கையும், நிபந்தனையோடு சொன்னதைக்கூட, கடவுள் திரும்பப் பெறுவதில்லை என்று அதே தால்மூத்தில் வேறோர் இடம் சொல்கிறது.

ராம்பாம் இரண்டையும் பிரித்து வைத்தார். தீர்க்கதரிசி மூலம் மக்களுக்கு அறிவிக்கப்பட்ட நல்வாக்கு மாறாது. மாறினால் உண்மைத் தீர்க்கதரிசியை அடையாளம் காண வழியில்லை. கடவுளுக்கும் ஒரு மனிதருக்கும் இடையே மட்டும் சொல்லப்பட்ட வாக்கை அந்த மனிதரின் பாவம் கெடுக்கலாம். யாக்கோபு கேட்டது அந்த வகை. அபர்பனேல் சட்டத்தை விட்டு மனத்துக்குள் நுழைந்தார். யாக்கோபின் அச்சம் நம்பிக்கைக் குறைவு அல்ல. போருக்குப் போகும் உண்மையான வீரனுக்குச் சாவின் அச்சம் இருக்கும். அந்த அச்சத்தோடுதான் அவன் முன்னேறுவான். அரச அவைகளில் உயர்ந்த பொறுப்புகளை வகித்து, பின் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறிய மனிதரின் எழுத்து இது என்று அறியும்போது அதற்கு ஒரு தனி வலு வருகிறது.

யாக்கோபின் பிள்ளைகள் எகிப்தில் அடிமைப்பட்டபின் மோசே வருகிறார். அவர் பார்வோனிடம் போனதும் வேலை கடுமையாயிற்று. செங்கலுக்கு வைக்கோலும் நிறுத்தப்பட்டது. ஏன் இந்த மக்களுக்குத் தீங்கு செய்தீர் என்று மோசே கடவுளிடமே கேட்டார். அப்போது கடவுள், ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் யாக்கோபுக்கும் எல்லாம் வல்லவராகத் தோன்றினேன், என் இயற்பெயரால் அவர்கள் என்னை அறியவில்லை என்கிறார். ஆதியாகமத்தில் அந்தப் பெயர் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறதே என்பது வெளிப்படையான முரண். ராஷியின் விடை வாக்கைப் பற்றியது: அந்தப் பெயர் சொன்னதை நிறைவேற்றுகிறவர் என்ற பொருளுடையது, அவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன், நிறைவேற்றவில்லை, ஆகவே அந்தப் பெயரின் பொருளை அவர்கள் அனுபவத்தில் அறியவில்லை. தால்மூத்தின் சன்ஹெத்ரீன் பகுதியோ இதைக் கடவுளின் ஏக்கமாகவே படிக்கிறது. போனவர்களைப் போல இனி யாரும் கிடைக்க மாட்டார்கள் என்று அவர் வருந்துகிறார்: ஆபிரகாம் புதைகுழிக்கும், ஈசாக்கு தண்ணீருக்கும், யாக்கோபு கூடாரத்துக்கும் காசும் சண்டையுமாக அலைந்தார்கள், என்னைக் குறைசொல்லவில்லை, நீயோ எடுத்த எடுப்பில் கேள்வி கேட்கிறாய். ராஷி இந்த விளக்கத்தையும் எடுத்துக்காட்டி, மூலத்தின் ஓட்டத்துக்கு அது பொருந்தவில்லை என்று பணிவோடும் உறுதியோடும் எழுதிவைத்தார்.

குறைசொன்ன மோசேயே பிறகு வாக்கைக் கேடயமாக்கினார். பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களை அழித்து, உன்னையே பெரிய இனமாக்குவேன் என்று கடவுள் சொன்னபோது அவர் முற்பிதாக்களை நினைவூட்டினார். தால்மூத் அந்த வாதத்தை விரிக்கிறது. மூன்று காலுள்ள முக்காலியே உம் கோபத்துக்கு முன் நிற்கவில்லை என்றால் ஒற்றைக் காலுள்ளது நிற்குமா? வானத்தின் மீதும் பூமியின் மீதும் ஆணையிட்டிருந்தால், அவை அழியும்போது ஆணையும் அழியும் என்று விடலாம். நீர் உம் பெயர்மீது ஆணையிட்டீர்.

முற்பிதாக்களின் புண்ணியம் எவ்வளவு காலம் கைகொடுக்கும் என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. அது ஓசியா தீர்க்கதரிசியின் காலத்தோடு தீர்ந்தது என்றும் எசேக்கியா அரசனின் காலத்தோடு தீர்ந்தது என்றும் ரபிகள் பலவாறு சொன்னார்கள். ராஷியின் பேரர் ரப்பேனு தாம் இங்கே ஒரு கோடு கிழித்தார்: புண்ணியம் தீரலாம், உடன்படிக்கை தீராது. மகரால் பின்னால் வேறுபடுத்திய செயலும் கொடையும் இங்கே சட்ட மொழியில் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டன.

வாரிசு யார் என்ற கேள்வி இரத்த உறவோடு நிற்கவில்லை. முதற்கனிகளைக் கோயிலுக்குக் கொண்டுவருபவர், எங்கள் முன்னோருக்கு ஆணையிட்டுத் தந்த நாடு என்று அறிக்கையிட வேண்டும். யூத சமயத்துக்கு மாறியவர் கனியைக் கொண்டுவரலாம், அறிக்கை செய்யக்கூடாது என்றது தால்மூத்துக்கு அடிப்படையான சட்டநூல் மிஷ்னா. எருசலேம் தால்மூத்தில் யூதா என்ற ரபி அதை மறுத்தார்: ஆபிரகாம் பல இனங்களின் தந்தை என்று பெயர் பெற்றவர், ஆகவே வந்து சேர்ந்தவருக்கும் அவர் தந்தை. ஒபதியா என்ற மதம் மாறியவர், எங்கள் பிதாக்களின் கடவுள் என்று நானும் வேண்டலாமா என்று ராம்பாமுக்கு எழுதிக் கேட்டார். தயங்காமல் சொல்லும், உமக்கும் பிறவி யூதருக்கும் வேறுபாடு இல்லை, உம் குலம் ஆபிரகாமிலிருந்து அல்ல, படைத்தவரிடமிருந்தே தொடங்குகிறது என்ற கருத்தில் ராம்பாம் பதில் எழுதினார். யூத இலக்கியத்தில் இதைவிடக் கனிவான கடிதம் அரிது. எல்லா வம்சங்களும் உன்னில் ஆசி பெறும் என்ற வாக்கையும் தால்மூத் இவ்வழியே விளக்குகிறது: மோவாபியப் பெண் ரூத், அம்மோனியப் பெண் நாமாள் என்ற இரு நல்ல கிளைகள் ஆபிரகாமின் மரத்தில் ஒட்டுக்கட்டப்பட்டன. தாவீதின் அரச குலம் அவ்விருவர் வழியில் தழைத்தது.

நாட்டைப் பற்றிய வாக்கு இன்றும் சூடு தணியாதது. உலகம் முழுவதும் படைத்தவருக்குச் சொந்தம், அவர் விரும்பியவருக்குக் கொடுப்பார் என்பதைச் சொல்லவே வேதம் படைப்பிலிருந்து தொடங்கியது என்பது ராஷியின் முதல் குறிப்பு. நாட்டில் குடியேறுவதைக் கட்டளையாகவே எண்ணிய ராம்பான் 70 வயது தாண்டி 1267இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 20ஆம் நூற்றாண்டில் ஸ்வி யூதா குக் (1891–1982) போன்றவர்கள் வாக்கை முழு நாட்டின்மீதும் இன்றைக்கே செல்லும் உரிமையாக வாசித்தார்கள். சத்மார் ரபி யோவேல் தைத்தல்பாம் (1887–1979), மெசியா வருமுன் பலத்தால் நாட்டைக் கைக்கொள்ளலாகாது என்று தால்மூத்தை ஆதாரமாகக் காட்டினார். எஷயாகு லைபோவிட்ஸ் (1903–1994) மண்ணுக்குப் புனிதம் ஏற்றுவதையே சிலைவணக்கம் என்று கண்டித்தார். 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு பாலஸ்தீன மக்களை ஆள்வது யூதரையே கெடுக்கும் என்று எச்சரித்தார். கடவுளின் கட்டளைகளை மீறினால் நாடு தன் குடிகளை வெளியே கக்கிவிடும் என்று லேவியராகமமும் சொல்கிறது. வாக்கை உரிமைப் பத்திரமாக மட்டும் படிப்பவர்கள் இந்த வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆயினும் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் தாங்களே நாட்டைப் பெறவில்லை என்ற பழைய முட்டு அப்படியே இருந்தது. பிள்ளைகள் பெற்றால் தந்தையர் பெற்றதாகும் என்று சொல்லிக் கடந்திருக்கலாம். தால்மூத்தின் சன்ஹெத்ரீன் பகுதியில் சிமாய் என்ற ரபி அப்படிக் கடக்கவில்லை. மோசேயிடம் கடவுள் பேசும்போது, நாட்டை அவர்களுக்குத் தருவதாக உடன்படிக்கை செய்தேன் என்கிறார். உங்களுக்கு என்று சொல்லவில்லை. மூவரும் இறந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. சொன்னவர் பொய் சொல்லமாட்டார் என்றால் அவர்கள் எழுந்து வந்து அதைப் பெற்றாக வேண்டும். இறந்தோர் உயிர்த்தெழுவார்கள் என்ற யூதக் கோட்பாட்டுக்கு மோசேயின் நூல்களில் ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சிமாய் இந்த வரியையே காட்டினார்.